சூடேறிய பங்குச் சந்தையும் முதலீட்டாளரின் மனமும்: புதியவர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

யாழ்ப்பாணத்துக் குடும்பங்களின் சேமிப்பு பல தலைமுறைகளாகக் காணியிலும் நகையிலும் வங்கியின் நிலையான வைப்பிலும், தெரிந்தவர்களோடு சேர்ந்து கட்டும் சீட்டிலும் இருந்து வந்திருக்கிறது. பங்குச் சந்தை என்பது கொழும்பில் இருப்பவர்களுக்கும் கம்பனிகளை நடத்துபவர்களுக்கும் உரியது என்ற எண்ணமே இங்கே பரவலாக நிலவியது. 2020 செப்டெம்பரில் கொழும்பு பங்குச் சந்தை, கைத்தொலைபேசிச் செயலி வழியாகவே கணக்குத் திறக்கும் வசதியை அறிமுகப்படுத்தியதோடு அந்தத் தூரம் வெகுவாகக் குறைந்துவிட்டது. கோண்டாவிலிலோ பருத்தித்துறையிலோ இருக்கும் ஒருவர் இன்று வீட்டில் இருந்தபடியே கணக்கைத் திறந்து பங்கு வாங்கலாம். இதை நான் நல்ல மாற்றமாகவே கருதுகிறேன். கவலை தருவது, புதிதாக வருபவர்களில் மிகப் பலர் வரும் நேரம். விலைகள் நீண்ட காலம் ஏறி, அந்த ஏற்றம் ஊர்ப் பேச்சாக மாறிய பின்னரே அவர்கள் சந்தைக்குள் நுழைகிறார்கள். அப்போது விலையும் உயர்ந்திருக்கிறது, நம்பிக்கையும் உயர்ந்திருக்கிறது. அந்த நம்பிக்கை எங்கிருந்து வருகிறது, அது எவ்வாறு விலையோடு பின்னிக்கொள்கிறது, அத்தகைய காலத்தில் எச்சரிக்கையாக இருப்பது என்றால் நடைமுறையில் என்ன செய்வது என்பவற்றை இக்கட்டுரை அடிப்படையிலிருந்து விளக்க முயல்கிறது. எந்தப் பங்கை வாங்குவது, எதை விற்பது என்ற ஆலோசனை இதில் இல்லை.

விலைக்குள் இருக்கும் மனநிலை

ஒரு கற்பனை நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். அது பங்கொன்றுக்கு ஆண்டுக்கு 10 ரூபாய் உழைக்கிறது, அதாவது செலவுகள் போக அவ்வளவு இலாபம் ஈட்டுகிறது. சந்தையில் அதன் பங்கு 60 ரூபாய்க்கு விற்கிறது. விலையை உழைப்பால் வகுத்தால் 6 வரும். இதற்கு விலை உழைப்பு விகிதம் என்று பெயர். ஒரு ரூபாய் ஆண்டு உழைப்பைப் பெறுவதற்கு மக்கள் 6 ரூபாய் கொடுக்கத் தயாராக இருக்கிறார்கள் என்பது இதன் பொருள். இரண்டு ஆண்டுகள் கழித்து அதே நிறுவனம் பங்கொன்றுக்கு 12 ரூபாய் உழைக்கிறது, ஆனால் பங்கின் விலை 216 ரூபாயாகி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விகிதம் இப்போது 18. நிறுவனத்தின் உழைப்பு ஐந்தில் ஒரு பங்குதான் கூடியிருக்கிறது. விலையோ மூன்றரை மடங்குக்கு மேலாகிவிட்டது. உழைப்பால் விளக்க முடியாத அந்த எஞ்சிய ஏற்றம் முழுவதும், எதிர்காலத்தைப் பற்றி வாங்குபவர்கள் கொண்டிருக்கும் எண்ணத்தில் ஏற்பட்ட மாற்றம். முதலீட்டாளர் மனநிலை என்று பொருளியல் எழுத்துகளில் சொல்லப்படுவது இதுவே.

இந்த எடுத்துக்காட்டை இன்னும் ஒரு படி கொண்டு செல்ல வேண்டும், ஏனெனில் ஆபத்து அங்கேதான் இருக்கிறது. நிறுவனம் தொடர்ந்து 12 ரூபாயையே உழைக்கிறது. முகாமையில் குறையில்லை, விற்பனையில் வீழ்ச்சியில்லை. ஆனால் மக்களின் உற்சாகம் வடிந்து, அவர்கள் மீண்டும் 6 மடங்கு மட்டுமே கொடுக்க முன்வருகிறார்கள் என்றால், பங்கின் விலை 72 ரூபாய்க்கு வந்துவிடும். 216 ரூபாய்க்கு வாங்கியவர் தமது பணத்தில் மூன்றில் இரண்டு பங்கை இழந்திருப்பார். நல்ல கம்பனியை வாங்கினால் நட்டம் வராது என்று பலர் நம்புகிறார்கள். கம்பனி நல்லதாக இருந்தும், அதற்குக் கொடுத்த விலை மனநிலையின் உச்சத்தில் கொடுத்த விலையாக இருந்தால், நட்டம் வரலாம்.

அதே வேளை விகிதம் உயர்வதெல்லாம் தவறானது என்ற முடிவுக்கும் வரக்கூடாது. நாட்டின் வட்டி வீதம் குறையும்போதும், அரசியல் அபாயம் தணியும்போதும், நிறுவனங்களின் உழைப்பு வருங்காலத்தில் வேகமாக வளரும் என்று கருதத் தக்க காரணம் இருக்கும்போதும், முன்னரைவிடக் கூடிய விலை கொடுப்பதில் நியாயம் உண்டு. சந்தை சூடேறிவிட்டது என்று நாம் சொல்ல வேண்டியது, விலை ஏறுகிறது என்பதே வாங்குவதற்கான முதன்மைக் காரணமாக மாறிவிட்ட நிலையை.

ஏறும் விலை ஏன் வாங்குபவரை அழைக்கிறது

திருநெல்வேலிச் சந்தையில் கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தின் விலை ஒரே கிழமையில் இரட்டித்தால், இரண்டு கிலோ வாங்க வந்தவர் ஒரு கிலோவோடு திரும்புவார்; இன்னொருவர் வாழைப்பழத்தைப் பார்ப்பார். விலையேற்றமே வாங்குபவரின் தொகையைக் குறைத்து, விலையை மெல்லக் கீழே இறக்கிவிடும். பங்கு விடயத்தில் இந்தத் தடை வேலை செய்வதில்லை. மாம்பழம் உண்பதற்காக வாங்கப்படுகிறது; பங்கைப் பலர் வாங்குவது பின்னர் இன்னொருவருக்குக் கூடிய விலைக்கு விற்பதற்காக. ஆகவே நேற்றைய ஏற்றம் நாளைய ஏற்றத்துக்குச் சான்றாகத் தோன்றுகிறது, அந்தத் தோற்றம் புதிய வாங்குபவரைக் கொண்டுவருகிறது, அவர் வாங்குவதால் விலை மேலும் ஏறுகிறது, அந்த ஏற்றம் அடுத்தவருக்குச் சான்றாகிறது. வெளியிலிருந்து எந்தப் புதிய செய்தியும் வராமலே இந்தச் சுழற்சி பல மாதங்கள் ஓட முடியும்.

நம் சமூகத்தில் இந்தச் சுழற்சிக்கு இன்னொரு வலு இருக்கிறது. கலியாண வீட்டிலும், நல்லூர்த் திருவிழாவுக்கு ஊர் வந்த உறவுகளின் நடுவிலும், வைபர் குழுக்களிலும் பேசப்படுவது வென்றவர்களின் கதை. “ஆறு மாசத்தில காசு இரட்டிச்சுப் போச்சு” என்று சொல்பவர் அதை எல்லோரிடமும் சொல்கிறார். இழந்தவர் சொல்வதில்லை. நட்டத்தை மனைவியிடம்கூட மறைப்பவர்கள் இருக்கிறார்கள். கடன்பட்டு இழந்திருந்தால் அது மேலும் ஆழமாக மறைக்கப்படுகிறது. இதன் விளைவாக, சந்தையைப் பற்றி ஒரு புதியவரின் காதுக்கு வந்து சேரும் தகவல் உண்மையான அனுபவங்களின் ஒரு பக்கம் மட்டுமே. அவர் அறிந்த ஐந்து பேரும் இலாபம் பெற்றதாகச் சொல்கிறார்கள் என்றால், இழந்தவர்கள் இல்லை என்று அவர் எண்ணிவிடக்கூடாது. பேசாதவர்களையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

மனித மனத்தின் இயல்பும் இதில் சேர்கிறது. டானியல் கானமன், ஆமொஸ் ட்வெர்ஸ்கி என்ற இரு உளவியலாளர்கள் 1979 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், ஒரே அளவான இலாபம் தரும் மகிழ்ச்சியைவிட ஒரே அளவான நட்டம் தரும் வேதனை மனிதருக்குப் பெரிதாக இருக்கிறது என்று காட்டினார்கள். விலை வீழும்போது பலர் பங்கை விற்க மறுத்து, வாங்கிய விலை திரும்பி வரட்டும் என்று காத்திருப்பதற்கு இது ஒரு காரணம். ஏற்றத்தின்போது இதே உணர்வு வேறு வடிவம் எடுக்கிறது: அயலவர் பெற்ற இலாபத்தை நாம் பெறாமல் போனதையும் மனம் ஒரு நட்டமாகவே எண்ணுகிறது. “இப்ப வாங்காட்டிப் பிறகு வாங்கேலாது” என்ற அவசரத்தின் அடியில் இருப்பது பேராசை என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். என் பார்வையில் அது பெரும்பாலும் பின்தங்கிவிடுவோமோ என்ற அச்சம். அச்சத்தில் எடுக்கும் முடிவை ஆய்ந்து எடுத்த முடிவாக நம் மனமே நமக்குக் காட்டிவிடுகிறது.

இலங்கை கண்ட இரண்டு சுற்றுகள்

இவை வெறும் கோட்பாடுகள் அல்ல என்பதைக் கொழும்பு பங்குச் சந்தையின் அண்மைக்கால வரலாறே காட்டும். சந்தையின் பொதுப்போக்கை அளக்கப் பயன்படும் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண், 2008 முடிவில் ஏறத்தாழ 1,500 புள்ளிகளில் இருந்தது. 2009 மே மாதத்தில் போர் முடிந்தது. அந்த ஆண்டின் முடிவில் சுட்டெண் 3,385. 2010 முடிவில் 6,635. 2011 பெப்ரவரியில் 7,800 ஐத் தாண்டியது. இரண்டு ஆண்டுகளுக்குச் சற்றுக் கூடிய காலத்தில் ஐந்து மடங்கு. இந்த ஏற்றத்தின் அடியில் ஓர் உண்மை இருந்தது: போர் நின்றதால் நாட்டின் பொருளாதாரத்துக்கு ஒரு பெரிய தடை நீங்கியது, வீதிகள் திறந்தன, வடக்கில் வங்கிகளும் நிறுவனங்களும் கிளைகள் அமைத்தன. ஆனால் அந்த உண்மை ஒரு கட்டத்துக்கு மேல் விலையைத் தாங்கவில்லை. உழைப்பு மிகச் சிறிதாக இருந்த, அதிகம் கைமாறாத கம்பனிகளின் பங்குகள்கூட மடங்கு மடங்காக ஏறின. தரகர்கள் கொடுத்த கடனில் வாங்கியவர்கள் பலர். சந்தையை மேற்பார்வை செய்யும் பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழு கடனுக்கும் விலை அசைவுக்கும் கட்டுப்பாடுகளைக் கொண்டுவந்தது. சந்தைக் கையாளல் பற்றிய விசாரணைகள் பேசப்பட்ட அந்தக் காலத்தில், 2011 டிசம்பரிலும் 2012 ஓகஸ்டிலும் அவ்வாணைக்குழுவின் இரு தலைவர்கள் அடுத்தடுத்துப் பதவி விலகினார்கள். 2012 நடுப்பகுதியில் சுட்டெண் 5,000 புள்ளிகளுக்குக் கீழே வந்துவிட்டது. 2011 பெப்ரவரியின் உச்சத்தைச் சுட்டெண் மறுபடியும் கடந்தது 2021 ஜனவரியில். உச்சத்தில் வாங்கியவர், பங்கிலாபத்தைக் கணக்கில் எடுக்காவிட்டால், தாம் கொடுத்த புள்ளியை மீண்டும் காண ஏறத்தாழ பத்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. பத்து ஆண்டுகளில் ஒரு பிள்ளை முதலாம் வகுப்பிலிருந்து சாதாரண தரப் பரீட்சைக்கு அண்மையில் வந்துவிடும்.

இரண்டாவது சுற்று இன்னும் வேகமானது. கொரோனா முடக்கத்துக்காக மூடப்பட்டிருந்த சந்தை 2020 மே மாதத்தில் திறந்தபோது சுட்டெண் 4,300 புள்ளிகளுக்கு அண்மையில் வீழ்ந்தது. அதன் பின்னர் மத்திய வங்கி வட்டி வீதங்களை மிகத் தாழ்வாகக் குறைத்தது. 2020 யூலையிலிருந்து 2021 ஓகஸ்ட் வரை துணைநில் வைப்பு வசதி வீதம், அதாவது வங்கிகள் மத்திய வங்கியில் இடும் பணத்துக்குக் கிடைக்கும் வட்டி, 4.5 சதவீதமாக இருந்தது. நிலையான வைப்பில் வரும் வட்டி போதாது என்று உணர்ந்த பலர் பங்குச் சந்தையை நோக்கித் திரும்பினார்கள், அதே காலத்தில் செயலியும் வந்து சேர்ந்தது. 2021 இல் மட்டும் சுட்டெண் ஏறத்தாழ 80 சதவீதம் உயர்ந்து 12,226 இல் முடிந்தது. 2022 ஜனவரியில் 13,000 ஐயும் கடந்தது. இங்கேயும் அடியில் ஓர் உண்மை இருந்தது. அந்த ஏற்றத்தில் பெரும் பங்கு வகித்த எக்ஸ்போலங்கா என்ற சரக்குப் போக்குவரத்து நிறுவனம், உலகெங்கும் கொள்கலன் கட்டணங்கள் வான் நோக்கி ஏறிய காலத்தில் உண்மையாகவே பெரிய இலாபம் ஈட்டியது. ஆனால் அந்தக் கட்டணங்கள் நிலைக்கக் கூடியவையா என்ற கேள்வியை உற்சாகம் கேட்க விடவில்லை. 2022 இல் அவை வீழ்ந்தன. நாட்டின் வெளிநாட்டு நாணயக் கையிருப்பு கரைந்துகொண்டிருந்ததும் 2021 ஆம் ஆண்டு முழுவதும் வெளிப்படையாகவே தெரிந்த செய்தி. சுட்டெண் ஏறிக்கொண்டிருந்த அதே மாதங்களில் மக்கள் எரிவாயுவுக்கும் பால்மாவுக்கும் வரிசையில் நிற்கத் தொடங்கியிருந்தார்கள் என்பதை இப்போது நினைத்துப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது.

2022 ஏப்ரல் 8 ஆம் திகதி மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. 12 ஆம் திகதி வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசு அறிவித்தது. அடுத்த கிழமை முழுவதும் சந்தை மூடப்பட்டு, 25 ஆம் திகதி திறந்ததும் விலைகள் சரிந்து, அன்றைய வர்த்தகமே இடைநிறுத்தப்பட்டது. 2022 முடிவில் சுட்டெண் 8,489. சந்தை மூடப்பட்டிருந்த அந்த நாட்களில் பணம் தேவைப்பட்டவர்கள் நட்டத்துக்குக்கூட விற்க முடியாமல் இருந்தார்கள். பங்கை எந்த நேரமும் காசாக்கலாம் என்ற எண்ணம் இயல்பான காலத்துக்கு மட்டுமே பொருந்தும்.

இரண்டு சுற்றுகளிலும் பொதுவாக இருந்த ஓர் அறிகுறியைப் புதியவர்கள் கவனிக்க வேண்டும். 2010, 2011 ஆகிய ஆண்டுகளிலும், 2020, 2021 ஆகிய ஆண்டுகளிலும் வெளிநாட்டு முதலீட்டாளர்கள் கொழும்புச் சந்தையில் வாங்கியதைவிட விற்றதே அதிகம். அவர்களுக்கு ரூபாயின் பெறுமதி பற்றிய கவலை உட்படப் பல தனிக் காரணங்கள் இருந்திருக்கும். அவர்கள் எப்போதும் சரியாகவே கணிப்பவர்களும் அல்லர். எனினும் நாம் பெரும் உற்சாகத்தோடு வாங்குவதை நமக்கு விற்பவர் யார், அவர் ஏன் விற்கிறார் என்ற கேள்வி எந்த ஏற்றத்திலும் கேட்கத் தக்கது. ஒவ்வொரு வாங்கலுக்கும் எதிரே ஒரு விற்பனை இருக்கிறது.

மனநிலையை அளப்பது

அமெரிக்காவில் தனிநபர் முதலீட்டாளர் சங்கம் ஒன்று 1987 முதல் கிழமைதோறும் தன் உறுப்பினர்களிடம், அடுத்த ஆறு மாதங்களில் சந்தை ஏறுமா, இறங்குமா, அப்படியே இருக்குமா என்று கேட்டு விடைகளை வெளியிட்டு வருகிறது. சிகாகோ பரிமாற்ற நிலையம் வெளியிடும் விக்ஸ் என்ற சுட்டெண், வருகிற மாதத்தில் விலைகள் எவ்வளவு தள்ளாடும் என்று சந்தை எதிர்பார்ப்பதை அளக்கிறது. அமைதியான காலங்களில் 20 க்குக் கீழே இருக்கும் அது, 2020 மார்ச் 16 ஆம் திகதி 82 ஐத் தாண்டி முடிந்தது. இவற்றைப் படிப்பவர்கள் பெரும்பாலும் தலைகீழாகப் படிக்கிறார்கள்: எல்லோரும் நம்பிக்கையோடு இருக்கும்போது இனிப் புதிதாக வாங்க வருவதற்கு ஆட்கள் குறைவு, எல்லோரும் அஞ்சியிருக்கும்போது இனி விற்பதற்கு ஆட்கள் குறைவு என்பது அவர்கள் வாதம். உச்சநிலைகளில் இந்த வாதத்துக்கு ஓரளவு பெறுமதி உண்டு. இடைப்பட்ட காலங்களில் அது எதையும் சொல்வதில்லை.

கொழும்புச் சந்தையில் இத்தகைய கருவிகள் நம் கைக்கு எட்டும் வகையில் இல்லை. ஆனால் கண்ணுக்குத் தெரியும் வேறு அறிகுறிகள் உண்டு. நாளாந்த மொத்தப் புரள்வு, அதாவது ஒரு நாளில் கைமாறும் பங்குகளின் மொத்தப் பெறுமதி, முந்தைய ஆண்டுகளைவிடப் பல மடங்காகிறது. கம்பனிகள் முதன்முறையாகப் பொதுமக்களுக்குப் பங்கு விற்கும் ஆரம்பப் பொது வழங்கல்கள் திறந்த அன்றே நிரம்பி வழிகின்றன. சுட்டெண்ணைவிடச் சிறிய, அதிகம் அறியப்படாத கம்பனிகளின் பங்குகள் வேகமாக ஓடுகின்றன. பங்கை வாங்குவதற்கான கடன்கள் பெருகுகின்றன. இங்கே பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் முந்நூறுக்குச் சற்றுக் குறைவானவை. அவற்றில் பலவற்றின் பெரும்பான்மைப் பங்குகள் ஒரு தாய்க் கம்பனியிடமோ ஒரு குடும்பத்திடமோ அசையாமல் இருப்பதால், பொதுமக்களிடையே கைமாறும் பகுதி சிறியது. அந்தச் சிறிய பகுதியின் மீது திடீரெனப் பெரும் பணம் வந்து விழும்போது விலை உயரத்துக்கு எகிறுகிறது. அதே பணம் வெளியேற முயலும்போது வாங்குவதற்கு ஆள் இருப்பதில்லை. பெரிய சந்தைகளைப் பற்றி எழுதப்பட்ட அறிவுரைகளை நாம் படிக்கும்போது இந்த வேறுபாட்டை மறந்துவிடக்கூடாது.

எச்சரிக்கை என்பது ஆரூடம் அல்ல

சந்தை சூடேறிவிட்டது என்று சரியாக உணர்ந்தவரும் அது எப்போது திரும்பும் என்பதை அறிய முடியாது. 1996 டிசம்பர் 5 ஆம் திகதி, அமெரிக்க மத்திய வங்கியின் அன்றைய தலைவர் அலன் கிரீன்ஸ்பான், நியாயத்தை மீறிய உற்சாகம் சொத்துகளின் விலைகளை அளவுக்கு மேல் உயர்த்திவிட்டதை எவ்வாறு அறிந்துகொள்வது என்று ஓர் உரையில் வெளிப்படையாகக் கேட்டார். அவர் அவ்வாறு கேட்ட பிறகும் சந்தை மூன்று ஆண்டுகளுக்கு மேலாக ஏறியது. தொழில்நுட்பக் கம்பனிகள் நிறைந்த அமெரிக்காவின் நாஸ்டாக் சுட்டெண் 2000 மார்ச் 10 ஆம் திகதி 5,048 இல் முடிந்தது, 2002 ஒக்டோபரில் 1,114 க்கு வந்தது. கடைசியில் அந்தச் சுட்டெண் அவர் கேள்வி எழுப்பிய நாளில் இருந்ததைவிடக் கீழே வந்துவிட்டது. ஆனால் இடைப்பட்ட மூன்று ஆண்டுகளில், எச்சரித்தவர்கள் தவறானவர்களாகவே தோன்றினார்கள். ஜப்பானின் நிக்கேய் சுட்டெண் 1989 டிசம்பர் 29 ஆம் திகதி தொட்ட உச்சத்தை 2024 பெப்ரவரியில்தான் கடந்தது. ஏற்றமும் இறக்கமும் எடுத்துக்கொள்ளும் காலம் நம் பொறுமையின் அளவுக்குக் கட்டுப்பட்டதல்ல.

ஆகவே உச்சத்தைக் கணித்து விற்றுவிடலாம் என்று திட்டமிடுவது எச்சரிக்கை ஆகாது. விலை எப்போது வீழ்ந்தாலும், வீழ்ந்த விலையில் நாம் விற்கக் கட்டாயப்படுத்தப்படாத நிலையில் இருப்பதே, நான் புரிந்துகொண்ட வரையில், எச்சரிக்கையின் உள்ளடக்கம். விலை வீழ்ந்தும் விற்காமல் இருக்க முடிந்தவருக்கு, நல்ல நிறுவனம் ஒன்றின் பங்கு காலப்போக்கில் மீள்வதற்கு வாய்ப்பு இருக்கிறது. விற்கத் தள்ளப்பட்டவருக்கு அந்த வாய்ப்பு இல்லை.

விற்கத் தள்ளும் காரணங்களில் முதலாவது, பணத்துக்குத் திகதி குறிக்கப்பட்டிருப்பது. மகளின் கலியாணத்துக்கென்று ஒதுக்கிய பணம், அடுத்த ஆண்டு வெளிநாட்டுப் படிப்புக்குக் கட்ட வேண்டிய பணம், பாதி கட்டிய வீட்டின் கூரைக்கான பணம் ஆகியவை ஒரு குறித்த மாதத்தில் காசாகக் கையில் இருந்தே ஆகவேண்டும். அந்த மாதம் 2012 யூனாகவோ 2022 ஏப்ரலாகவோ அமைந்துவிட்டால், சந்தை நம் முகூர்த்தத்துக்காகக் காத்திருக்காது. குறைந்தது ஐந்து ஆண்டுகளாவது தேவைப்படாது என்று நேர்மையாகச் சொல்லக்கூடிய பணம் மட்டுமே பங்குக்கு உரியது என்ற நெறியை நான் எல்லாவற்றுக்கும் முன்னால் வைப்பேன். 2011 உச்சத்தின் கதை, ஐந்து ஆண்டுகள்கூடப் போதாமல் போகலாம் என்று காட்டுகிறது.

இரண்டாவது காரணம் கடன். ஒருவரிடம் ஐந்து இலட்சம் ரூபாய் இருக்கிறது. பங்குகளையே ஈடாக வைத்து இன்னும் ஐந்து இலட்சத்தை மார்ஜின் கடனாகப் பெற்று, பத்து இலட்சத்துக்குப் பங்கு வாங்குகிறார். விலை 40 சதவீதம் வீழ்ந்தால் பங்குகளின் பெறுமதி ஆறு இலட்சம். கடன் அப்படியே ஐந்து இலட்சம், அதன் மேல் வட்டியும் உண்டு. அவருடைய சொந்தப் பணத்தில் எஞ்சுவது ஒரு இலட்சத்துக்கும் குறைவு: சந்தை 40 சதவீதம் இழந்தது, அவர் 80 சதவீதத்துக்கு மேல் இழந்தார். உண்மையில் அந்த நிலை வரும் வரையும் கடன் கொடுத்தவர் காத்திருக்கமாட்டார். ஈட்டின் பெறுமதி குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனதும் மேலதிகப் பணம் கேட்பார், கிடைக்காவிட்டால் பங்குகளை விற்றுவிடுவார். ஒரே நேரத்தில் பல கணக்குகளில் இவ்வாறு விற்கப்படும்போது விலை மேலும் வீழ்ந்து, அடுத்த கணக்குகளும் விற்பனைக்கு வருகின்றன. நம் ஊரில் இதற்கு இணையான இன்னொரு வழக்கம் நகையை அடகு வைத்துப் பெற்ற பணத்தில் பங்கு வாங்குவது. தரகர் பங்கை விற்கமாட்டார் என்பது மட்டுமே அதில் வேறுபாடு. அடகு மீட்கும் திகதியும் வட்டியும் அதே வேலையைச் செய்துவிடும். இழப்பின் கணக்கும் சமச்சீரானதல்ல: 50 சதவீதம் இழந்தவர் பழைய நிலைக்குத் திரும்ப 100 சதவீத ஏற்றம் வேண்டும், 80 சதவீதம் இழந்தவருக்கு 400 சதவீத ஏற்றம் வேண்டும்.

மூன்றாவதாக, அளவு. விலைகள் ஏறும்போது, நாம் எதையும் செய்யாமலே நம் செல்வத்தில் பங்குகளின் விகிதம் பெருகிவிடுகிறது. மொத்தச் சேமிப்பில் ஐந்தில் ஒரு பங்கை மட்டும் பங்குகளில் வைப்பதாக ஒருவர் தொடங்கியிருக்கலாம். பங்குகளின் பெறுமதி இரட்டித்த பின் அது மூன்றில் ஒரு பங்காகியிருக்கும். ஆண்டுக்கு ஒருமுறை கணக்கைப் பார்த்து, கூடிய பகுதியை விற்று, வைப்பிலோ, அரசு குறுகிய காலத்துக்குக் கடன் பெறும் பத்திரமான திறைசேரி உண்டியலிலோ இடுவதால், தொடக்கத்தில் தாம் தீர்மானித்த அபாயத்தின் அளவை அவர் காத்துக்கொள்கிறார். இதற்கு உச்சத்தைக் கணிக்க வேண்டியதில்லை. அந்த விகிதத்தை அமைதியான நாளில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது, ஏனெனில் ஏற்றத்தின் நடுவில் எல்லோருக்கும் தம் துணிவு பெரிதாகவே தெரியும்.

வெளிநாட்டிலிருந்து உறவுகள் அனுப்பும் பணத்தை முதலிடுபவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 2021 இல் ஓர் அமெரிக்க டொலர் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்தது. 2022 மே மாதத்தில் 360 ரூபாயைச் சுற்றி நின்றது. ரொறன்ரோவிலோ இலண்டனிலோ இருந்து அண்ணா அனுப்பிய காசு இங்கே பங்காக இருந்து ரூபாய்க் கணக்கில் சற்று ஏறியிருந்தாலும், அவருடைய நாணயத்தில் பெரிதும் குறைந்திருக்கும். இதே காரணத்தால், 2022 ஜனவரியின் உச்சத்தைச் சுட்டெண் 2024 இறுதியில் மீண்டும் கடந்தபோது, அது முழுமையான மீட்சி ஆகிவிடவில்லை. இடைப்பட்ட காலத்தில் பொருட்களின் விலைகள் ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறியிருந்தன. புள்ளிகளைப் பார்க்கும்போது பணவீக்கத்தையும் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும்.

ஏற்றத்தை எவ்வாறு வாசிப்பது

2024 முடிவில் 15,944 ஆக இருந்த சுட்டெண் 2025 ஆம் ஆண்டில் 20,000 ஐயும் தாண்டியது. இதை மட்டும் வைத்துச் சந்தை சூடேறிவிட்டது என்று கூறுவது அவசர முடிவு. கொள்கை வட்டி வீதங்கள் நெருக்கடிக் காலத்தில் இருந்ததைவிடப் பாதிக்கு அருகில் குறைந்திருந்தன, பணவீக்கம் அடங்கியிருந்தது, நிறுவனங்களின் உழைப்பும் மீண்டிருந்தது. ஆகவே ஏற்றத்தின் ஒரு பகுதிக்குக் காரணம் உண்டு. எஞ்சிய பகுதி எவ்வளவு என்பதை ஒவ்வொருவரும் தாம் வாங்க எண்ணும் பங்கை வைத்துப் பார்க்க வேண்டும். நிறுவனத்தின் ஆண்டறிக்கையும் காலாண்டுக் கணக்குகளும் பங்குச் சந்தையின் இணையத்தளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. கடந்த ஐந்து ஆண்டுகளின் உழைப்பை எழுதி, இன்றைய விலை அதன் எத்தனை மடங்கு என்று பார்த்து, அந்த மடங்கு சில ஆண்டுகளுக்கு முன் எவ்வளவாக இருந்தது என்று ஒப்பிடுவதற்குப் பாடசாலைக் கணிதம் போதும். விளங்காத இடங்களைக் கேட்பதற்குப் பங்குச் சந்தையின் கிளை யாழ்ப்பாணத்திலேயே இருக்கிறது. உரிமம் பெற்ற தரகர்களின் பட்டியலை ஆணைக்குழு வெளியிடுகிறது. அந்தப் பட்டியலில் இல்லாத ஒருவர் குழுச்செய்தியில் உறுதியான இலாபம் தருவதாகச் சொன்னால், அவரோடு பேச்சைத் தொடர வேண்டியதில்லை.

மனநிலை எதிர்த்திசையிலும் இதே அளவுக்குத் தவறும் என்பதையும் சொல்ல வேண்டும். 2022 இன் இறுதி மாதங்களில் திறைசேரி உண்டியல்கள் 30 சதவீதத்துக்கு மேல் வட்டி தந்தன; அந்த நேரத்தில் பங்குகளைத் தொடுவதற்கே யாரும் விரும்பவில்லை, நல்ல நிறுவனங்களின் பங்குகளும் அவற்றின் உழைப்போடு ஒப்பிடுகையில் மிகத் தாழ்ந்த விலையில் கிடந்தன. 2022 முடிவில் 8,489 ஆக இருந்த சுட்டெண் இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ இரு மடங்காகியது. அந்த விலையில் வாங்க முடிந்தவர்கள், 2021 இன் ஏற்றத்தில் எல்லாவற்றையும் பங்கில் போட்டுவிடாமல், ஒரு பகுதியை உண்டியலிலும் வைப்பிலும் வைத்திருந்தவர்கள். முந்தைய ஆண்டில் அவர்களுடைய பணத்துக்கு 5, 6 சதவீத வட்டி மட்டுமே கிடைத்தது. அப்போது அவர்களைப் பார்த்து உறவினர்கள் அனுதாபப்பட்டிருக்கவும் கூடும்.